குடிப்பாரா என்று டாக்டர் கேட்டார்

எனக்கு இடது காது கேட்காது. சாம்பாரில் உப்பு கம்மி என்று என் கணவர் கரண்டியால் அடித்த அன்று போனது அது. பெரிய கரண்டி, கல்யாண வீட்டில் சாதம் தள்ளுகிற மாதிரி கனமானது. இரண்டு நாள் காதுக்குள் மோட்டார் ஓடியது. மூன்றாம் நாள் நின்றுவிட்டது. வலி நின்றது என்று சந்தோஷப்பட்டேன். சத்தமும் சேர்ந்து நின்றிருப்பது, பள்ளிக்கூடத்தில் டீச்சர் இடது பக்கமிருந்து மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது.

நான் வேங்கிக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு உதவியாளர். பத்தாவது வரை படித்திருக்கிறேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கடையில்கூட மற்றவர்கள் எல்லாம் வாங்கிப் போகட்டும் என்று ஓரமாக நிற்பேன். இதை எழுதுவதற்கும் பல மாதம் ஆனது.

கணவருக்கு மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கும் வேலை. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மூட்டையைக் குத்தி இழுக்க ஒரு இரும்புக் கொக்கி வைத்திருப்பார். வீட்டுக்கு வந்ததும் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுவார். கல்யாணமான புதிதில் சாயந்திரம் மட்டும் குடிப்பார். பிறகு மத்தியானமும். கடைசி இரண்டு வருஷமாக விடிந்ததும் ஒரு குவார்ட்டர் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நின்று பல்லே விளக்க முடியும் என்ற நிலைமை. ஒரு நாளைக்கு மூன்று குவார்ட்டர், இரண்டு கட்டு பீடி.

அடி எனக்குப் பழகவில்லை. பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் அடி வாங்காதவர்கள். பெல்ட்டால் அடித்தார், மண்டியிலிருந்து கொண்டு வந்த கயிற்றால் அடித்தார், ஒருமுறை என் தலையைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினார். மறுநாள் காலையில், “நேத்து நான் இன்னா பண்ணேன்னே தெரியல” என்பார். நான் நம்பினேன். நம்புவதற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது.

வருஷா வருஷம் கார்த்திகை ஒண்ணாம் தேதி அவர் சபரிமலைக்கு மாலை போடுவார். நாற்பத்தெட்டு நாள் விரதம். குடி இல்லை, பீடி இல்லை, செருப்பு இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. விடியும் முன்னே குளியல், பூஜை. மாலை போட்டவரை மனைவியும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் பெண்களை மாளிகைப்புறம் என்று கூப்பிட வேண்டும். வருஷம் முழுக்கத் தேவடியா என்று கூப்பிட்ட வாய், அந்த நாற்பத்தெட்டு நாளும், “மாளிகப்புறம், கொஞ்சம் தண்ணி குடுங்க” என்று மரியாதையாகக் கேட்கும். அந்த நாட்களில் என் மேல் ஒரு விரல்கூடப் படாது. அதனால் நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். குடி இல்லாதபோது அடி இல்லை. ஆகவே அடிப்பது குடிதான், அவர் இல்லை. குடியை மட்டும் எடுத்துவிட்டால் என் வீட்டில் நான் பயமில்லாமல் உட்கார்ந்து சாப்பிடலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்த வருஷமும் கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போட்டார். முந்தின வருஷங்களில் இரண்டு நாள் கை நடுங்கித் தானாக அடங்கிவிடும். முந்தின நாள் வரை மூன்று குவார்ட்டர், மறுநாள் ஒரு சொட்டு இல்லை. சாயந்திரத்துக்குள் சட்டை போடாத உடம்பு வேர்வையில் மினுமினுத்தது. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. “விரதம் ஏறுது” என்றார் குருசாமி. எங்கள் தெருவில் எல்லாருக்கும் மாலை போட்டு மலைக்குக் கூட்டிப்போகிறவர் அவர்தான்.

இரண்டாம் நாள் மத்தியானம் பூஜை அறை முன்னால் விழுந்தார். கை கால் இழுத்தது. வாயில் நுரை, நாக்கைக் கடித்து ரத்தம். நானும் குருசாமியும் ஆட்டோவில் போட்டு, பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம்.

டாக்டர் கண்ணைத் தூக்கிப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார். நீட்டிய கை ஆடியது.

“குடிப்பாரா?”

நான் குருசாமியைப் பார்த்தேன். கணவர் கழுத்தில் கிடந்த துளசி மாலையைப் பார்த்தேன். மாலை போட்டவரைப் பற்றி அந்தப் பேச்சை எடுப்பது பாவம் என்று எங்கள் வீடுகளில் சொல்லித்தான் வளர்க்கிறார்கள்.

“இல்ல சார். மாலை போட்டிருக்காரு.”

“அது தெரியுதும்மா. அதுக்கு முன்னாடி?”

“சார், சாமியப் பத்தி அப்படிலாம் கேக்கக்கூடாது சார்” என்றார் குருசாமி.

டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. அவர் வலிப்புக்கு ஒரு ஊசி போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். சாயந்திரம் பூஜை இருந்தது.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். வேட்டியிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். “எறும்பு, எறும்பு” என்றார். எறும்பு இல்லை. பிறகு சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். சுவருக்குள் யாரோ நாலு பேர் உட்கார்ந்துகொண்டு அவரைத் திட்டுவதாகச் சொன்னார். பயந்துபோய் கொழுந்தனாருக்குப் போன் பண்ணினேன். இவருக்கு ஒரே தம்பி, பக்கத்துத் தெருவில் இருசக்கர வண்டி மெக்கானிக். கையில் கிரீஸோடு ஓடி வந்தார்.

“இன்னா அண்ணா, இன்னா ஆச்சு?”

என் கணவர் எழுந்து கதவுக்குப் பின்னால் போனார். திரும்பியபோது கையில் கொக்கி.

“மாளிகப்புறம், நவுருங்க. உங்க பின்னாடி ஒருத்தன் நிக்கிறான்.”

“சாமி, யாரும் இல்ல சாமி. அதக் கீழ வைங்க சாமி.”

வீசினார். நான் குனிந்தேன். கொழுந்தனார் என்னைத் தள்ளிவிட்டுக் குறுக்கே வந்தார். கொக்கியின் முனை அவர் தோளுக்குக் கீழே சதையில் இறங்கியது. மூட்டையை இழுக்கிற மாதிரியே என் கணவர் இழுத்தார். சதை கிழிந்த சத்தம் என் ஒரு காதுக்கே கேட்டது. கொழுந்தனார் கத்தவில்லை. “அண்ணா, நான்தான்டா” என்றார், சின்ன வயசில் கூப்பிட்டிருப்பார் போல, அந்தக் குரலில். கணவர் மறுபடியும் ஓங்கினார். கொழுந்தனார் அந்தக் கையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தார். கொக்கி சுவரில் பட்டுக் காரை உதிர்ந்து, கீழே விழுந்தது. கொழுந்தனார் தோளைப் பொத்திக்கொண்டு தரையில் சரிந்தார். சுவரெல்லாம் ரத்தம். அது கொழுந்தனாருடைய ரத்தம்.

தெரு கூடிவிட்டது. வாசலில் நின்ற ஒரு பெண், “சாமி வந்துடுச்சு, சாமி வந்துடுச்சு” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். குருசாமி கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வந்தார்.

“வீட்டுல ஏதோ சுத்தக்குறைவு ஆயிருக்கு. அம்மா, நீ கால்ல விழு.”

விழுந்தேன். நெற்றி தரையில் பட்டதும் என் முடி கணவர் கைக்குப் போனது. தூக்கித் தரையில் அடித்தார். ஒன்று, இரண்டு. மூன்றாவதில் பல் உடைந்து நாக்கில் கிடந்தது. கழுத்தில் காலை வைத்து அழுத்தினார். அவர் உடம்பிலிருந்து விபூதி வாசனைதான் வந்தது. வெளியே சரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடித்தவர் சாமி என்பதால் யாரும் தொடவில்லை. எனக்குக் கண் இருட்டியபோதுதான் கொழுந்தனார் ஒரு கையால் அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துப் பின்னால் சாய்த்தார். அதன் பிறகு நாலு ஆம்பிளைகள் வந்து துண்டால் கையையும் காலையும் கட்டினார்கள்.

குருசாமி எலுமிச்சம்பழம் அறுக்கச் சொன்னார்.

“அண்ணி” என்றார் கொழுந்தனார். சட்டையைச் சுருட்டித் தோளில் அமுக்கிப் பிடித்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. “இது சாமியும் இல்ல ஒரு மயிரும் இல்ல. சரக்கு. எங்க ஒர்க்‌ஷாப்புல ஒருத்தன் இப்படித்தான் திடீர்னு நிறுத்திட்டுச் செத்தான். ஆட்டோவ கூப்புடு.”

கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் வர ஆரம்பித்திருந்த நாட்கள். பாதி ரோட்டில் தடுப்பு வைத்துவிட்டார்கள். கட்டிப்போட்ட ஒருவரையும், ரத்தம் வழிகிற ஒருவரையும், வாய் உடைந்த என்னையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோக்காரர் சந்து சந்தாகப் போனார். வழி முழுக்க என் கணவர் என் முழங்கையைக் கடித்துக்கொண்டிருந்தார். கையை எடுத்தால் நாக்கைக் கடித்துக்கொள்வார் என்று நான் எடுக்கவில்லை.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டரம்மா. என் மகள் வயசுதான் இருக்கும். மகளைக் கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுக்கு நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. குருசாமியும் பின்னாலேயே வண்டியில் வந்து சேர்ந்திருந்தார்.

“எத்தன நாளா இப்படி? குடிப் பழக்கம் இருக்கா?”

குருசாமி வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். வாயில் ரத்தம் இருந்ததால் சரியாக வரவில்லை, மறுபடி சொன்னேன்.

“குடிப்பாரு. காலைல ஒரு குவார்ட்டரு, மத்தியானம் ஒண்ணு, நைட்டு ஒண்ணு. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல குடிக்கிறாரு. ரெண்டு வருஷமா ஜாஸ்தி. மாலை போட்டு மூணு நாளா சுத்தமா இல்ல. நேத்து வலிப்பு வந்துச்சு. நேத்தே ஒரு டாக்டரு கேட்டாரு, நான் இல்லன்னுட்டேன்.”

இவ்வளவு பேச்சை நான் ஒரே மூச்சில் யாரிடமும் பேசியதில்லை.

டாக்டரம்மா நர்ஸிடம் ஊசி பெயர்களை அடுக்கினார். பிறகு என்னிடம் திரும்பினார். “உடம்பு சரக்குக்குப் பழகிப்போச்சும்மா. டக்குனு நிறுத்தினா மூளை இப்படித்தான் கொந்தளிக்கும். இதுல செத்துப்போறவங்க இருக்காங்க. விரதம் இருக்கறது தப்பில்ல. அதுக்கு முன்னாடி எங்ககிட்ட வந்திருந்தா மாத்திரை குடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தியிருப்போம்.”

கட்டிலோடு கட்டி, ஊசி ஏற்றினார்கள். கழுத்தில் குழாய் போடுவதற்கு மாலை இடைஞ்சலாக இருந்தது. மலை ஏறாமல் கழற்றக் கூடாது என்று குருசாமி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரே கழற்றி, கண்ணில் ஒற்றி, பைக்குள் வைத்துக்கொண்டார். “எனக்குத் தெரியாம போச்சும்மா” என்றார். நல்ல மனுஷன்தான். மறுநாளே அடுத்த தெருவில் ஒருவருக்கு மாலை போடும்போது, “தண்ணி போடுவியா, எவ்ளோ போடுவ, மொதல்ல டாக்டரப் பாத்துட்டு வா” என்றாராம்.

ஐந்தாம் நாள் அவருக்குத் தெளிந்தது. தம்பி தோளில் இருபத்திரண்டு தையல் என்று கேட்டதும் அழுதார். என் வாயைப் பார்த்து அழவில்லை. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். “பைத்தியக்கார டாக்டராண்ட போவமாட்டேன்” என்று ஒரே சத்தம். கொழுந்தனார், “அண்ணா, கொக்கியால கூடப் பொறந்தவன இழுத்த நீ. இனிமே உனக்கு வேற எந்த டாக்டரு?” என்றார். போனார்.

அங்கே கொஞ்சம் வயதான ஒரு டாக்டர், நிதானமாகப் பேசுகிறவர். தினமும் காலையில் ஒரு மாத்திரை, குடிக்க வேண்டும் என்கிற ஏக்கத்தைக் குறைப்பதற்கு. “குடிச்சா உடம்பத் தூக்கிப்போடற மாத்திரை ஒண்ணு இருக்கு. நீங்களா ஒத்துக்கிட்டாத்தான் அதத் தருவேன். உங்களுக்குத் தெரியாம வீட்டுல ரசத்துல கலந்து குடுக்கற சோலியே கூடாது, உயிர் போயிடும்” என்று எனக்கும் சேர்த்துச் சொன்னார். அந்த யோசனையைப் பக்கத்துக் கட்டில்காரர் மனைவி ஏற்கெனவே எனக்குக் கொடுத்திருந்தாள்.

பீடிக்கும் மாத்திரை உண்டாம். ஆனால் வலிப்பு வந்தவருக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லி, மெல்லுகிற ஒரு கம் எழுதிக்கொடுத்தார். புதினா வாசனை. நாலு மெல்லு மென்று கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். மண்டியில், “இன்னா மாமா, எல்.கே.ஜி. சேந்துட்டியா, பபிள்கம்மு துன்ற?” என்று கேலி. இவரும் சிரித்துக்கொண்டு, “உனக்கு ஒண்ணு குடுக்கட்டா, பல்லு வெளுக்கும்” என்பாராம். இதைக் கொழுந்தனார் வந்து சொல்லும்போது எனக்குக் கண்ணீர் வந்தது.

மாத்திரையை நான் என் கையால் கொடுத்து, விழுங்குவதைப் பார்க்க வேண்டும் என்பது டாக்டர் சொன்ன முறை. கொடுத்தேன். மாசி வரை ஒரு நாள் தவறவில்லை. குடி இல்லை, பீடி ஒன்று இரண்டு என்று வந்து அதுவும் போனது. அவருக்குச் சோறு இறங்கியது, கன்னம் தேறியது. தெருவில், “மாத்திரை பேரு இன்னாக்கா?” என்று இரண்டு மூன்று பெண்கள் ரகசியமாக வந்து கேட்டார்கள். மாத்திரை பெயர் போதாது, ஆளைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள் என்று சொன்னேன். நான், மற்றவர்களுக்குப் புத்தி சொன்னேன்.

பங்குனியில் ஒரு நாள் காலை. மாத்திரையைக் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு திரும்பினார். கன்னத்தில் ஒதுக்கிய மாதிரித் தெரிந்தது.

“ஏங்க, வாயக் கொஞ்சம் தொறந்து காட்டுங்க.”

அவ்வளவுதான் கேட்டேன்.

முதல் அடி வலது காதில் விழுந்தது. கேட்கிற காதில். நான் அடுப்பு மேடையில் போய் மோதினேன். பால் சட்டி கவிழ்ந்து புறங்கையில் கொட்டியது. முடியைப் பிடித்துத் தூக்கி முகத்துக்கு நேராக நிறுத்தினார்.

“மண்டில இன்னா சொல்றானுங்க தெரியுமாடி? பொண்டாட்டி கையால மாத்தர துன்றவன்றானுங்க. நீ எனக்கு நர்ஸா? வாயத் தொறக்கணுமா? இன்னாடி, வாயத் தொறக்கணுமா?”

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அறை. நான் பழக்கத்தில் சாராய வாசனையைத் தேடினேன். இல்லை. புதினா வாசனை அடித்தது. கண் சிவக்கவில்லை, கை நடுங்கவில்லை. குறி தவறாமல் அடித்தார். குடித்திருந்த காலத்தில் பாதி அடி சுவரில் விழும். அன்று ஒன்றுகூட வீணாகவில்லை. கீழே விழுந்ததும் விலாவில் உதைத்தார்.

“இப்ப போய்ச் சொல்லு, குடிச்சிட்டு அடிச்சான்னு! சொல்லுடி!”

பிறகு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கொக்கியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். சாயந்திரம் வந்து, காலையில் என்ன பண்ணினேன் என்றே தெரியவில்லை என்று அவர் சொல்லவில்லை. தெரிந்துதான் இருந்தது.

அந்த வாரமே டாக்டரைப் பார்க்கும் நாள். விலா குத்தியதில் பஸ்ஸில் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே போனேன். டாக்டர் என் கையில் இருந்த தீக்காயத்தைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார். கணவரை ஈரல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வரச் சொல்லி வெளியே அனுப்பினார்.

“திரும்பக் குடிக்கிறாரா?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அது சுலபமான பதில். மாத்திரையை மாற்றி எழுதுவார், நானும் இன்னும் நாலு மாதம் நம்பிக்கொண்டிருப்பேன்.

“இல்ல சார். ஒரு சொட்டு இல்ல. குடிக்காமலேதான் அடிச்சாரு.”

பேனாவைக் கீழே வைத்தார். “குடிக்கு மாத்திரை இருக்கு. பீடிக்கு இருக்கு. இதுக்கு என்கிட்ட மாத்திரை இல்லம்மா. இதுவும் அதுவும் ஒண்ணுன்னு நெனச்சிக்கிட்டு அங்கேயே இருக்காதீங்க” என்றார். ஆஸ்பத்திரியிலேயே இப்படி அடி வாங்கி வருகிற பெண்களுக்கென்று ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள் என்று அனுப்பினார். விலாவுக்குப் படம் எடுத்தார்கள். இரண்டு எலும்பில் கீறல். அந்த அம்மா நான் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதினார். நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

கணவர் பஞ்சைக் கையில் அமுக்கிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பின்பக்க வழியாக வந்து பஸ் ஏறிவிட்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த நாற்பத்தெட்டு நாட்களை யோசித்தேன். விரதத்தில் அவர் என்னை அடிக்காமல் இருந்தது குடிக்காததால் இல்லை. அடித்தால் சாமி குத்தம் என்ற பயத்தால். நினைத்தால் அந்தக் கையை அவரால் நிறுத்த முடியும், வருஷா வருஷம் நிறுத்தியும் இருக்கிறார். எனக்காக நிறுத்தவில்லை, அவ்வளவுதான். இத்தனை வருஷம் நான் குடியின் மேல் பழி போட்டு அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேராகக் கொழுந்தனார் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் மாத்திரை அட்டையைக் கொடுத்தேன். “காலைல சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு. விழுங்கறத நின்னு பாக்கணும்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “நீ போ அண்ணி. நான் பாத்துக்கறேன். வாயத் தொறன்னு நான் சொன்னா என்ன அடிக்கட்டும் பாப்போம்” என்றார்.

இப்போது வேங்கிக்காலில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்திருக்கிறேன். மகள் வந்து பாத்திரம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். முதல் வாரம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றே சாப்பிட்டேன். உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். வெள்ளைச் சட்டை, சவரம் செய்த முகம். கம் மென்றுகொண்டிருந்தார். தம்பி கொடுக்கிற மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். நான் கதவைத் திறக்கவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

“ஊர்ல அவனவன் குடிச்சிட்டு ரோட்டுல கெடக்கறான். நான்தான் குடிக்கறது இல்லியே. இன்னும் இன்னாடி வேணும் உனக்கு?”

“குடிச்சப்ப அடிச்சது யாருன்னு எனக்குக் குழப்பமா இருந்துச்சு” என்றேன். “இப்ப இல்ல. கெளம்புங்க.”

கதவை ஒரு உதை உதைத்தார். கீல் ஆடியது. மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா, “யாருய்யா அது கதவ ஒதைக்கிறது, போலீஸக் கூப்புடட்டா?” என்று கத்தினாள். இன்னொரு உதைக்குக் காலைத் தூக்கியவர், மேலே பார்த்தார். அக்கம்பக்கத்தில் பார்த்தார். காலைக் கீழே வைத்தார்.

அவர் தெருமுனை திரும்பும் வரை ஜன்னலிலேயே நின்றேன். பிறகு தாழ்ப்பாளை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, தட்டில் பாதியில் விட்ட சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.